மூன்றாவது பெயர்

போன மாதம் பெங்களூரிலிருந்து ஊட்டிக்கு வந்த மகள், பையிலிருந்து ஒரு கேடயத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அமெரிக்கக் காப்புரிமை ஒன்றின் முதல் பக்கத்தை அதில் பொறித்திருந்தார்கள். கண்டுபிடித்தவர்கள் நான்கு பேர். மூன்றாவது பெயர் அவளுடையது. உரிமையாளர் என்ற இடத்தில் கடல் கடந்த ஒரு நிறுவனம். ஸ்கேன் படத்தில் விழும் புள்ளிகளை நீக்கித் தெளிவாக்கும் கணக்காம்.

அப்பாவுக்கு 84 வயது. இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் முப்பது ஆண்டுகள் இருட்டிலேயே வேலை பார்த்தவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"உரிமை அவர்களுக்கு. உனக்கு என்ன கண்ணு?"

"சம்பளம், கொஞ்சம் பரிசுப் பணம், இந்தக் கேடயம், தாத்தா."

அவள் வேலை பார்க்கும் மையம் இங்கே எதையும் விற்பதில்லை. தாய் நிறுவனத்துக்கு ஆராய்ச்சி செய்துகொடுத்து, ஆன செலவுக்கு மேல் சில சதவீதம் சேர்த்துப் பில் போடும். அந்தச் சில சதவீதம்தான் இங்கே லாபம், அதற்குத்தான் இங்கே வரி. காப்புரிமை சம்பாதிப்பது அதை வைத்திருப்பவர் கணக்கில் ஏறும். 1985இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற அமெரிக்கச் சிப் நிறுவனம் பெங்களூரில் மையம் திறந்தபோது, செய்த வேலையை அமெரிக்காவுக்கு அனுப்பத் தனிச் செயற்கைக்கோள் இணைப்பே தேவைப்பட்டது. இவள் எங்கள் மாடியறையிலிருந்து அனுப்புகிறாள், மழையில் மின்சாரம் போகாமல் இருந்தால்.

குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூரையை மாற்றியது அவள் சம்பளத்தில். அவளோடு இருந்த இருவர் வெளியே வந்து சொந்தமாகத் தொழில் தொடங்கிவிட்டார்கள். அங்கே பழகிய கை அவர்களோடு வந்துவிட்டதே! நாடு முழுவதும் சேர்த்து ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம்தான் என்கிறது 2020-21 கணக்கு. வேறு எங்கே போய்ப் பழகுவார்கள்?

அப்பாவின் ஆலை நேர் எதிர். ஆலை அரசுடையது, வித்தை பிரெஞ்சு நிறுவனம் ஒன்றிடம் வாங்கியது. 1967இல் உற்பத்தி தொடங்கியது. எட்டே ஆண்டில், பிலிம் விற்றே பெரிதான அமெரிக்காவின் கோடாக் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவன் சாசன் பிலிமே இல்லாத கேமராவைச் செய்துவிட்டார். (அந்தக் கோடாக்கே 2012இல் திவால் மனு கொடுத்தது தனிக்கதை.) வாங்கிய வித்தையை விட, வாடகைக்குப் போன மூளை மேல் என்பது என் கட்சி. அப்பா ஒப்புக்கொள்ளவில்லை.

எழுந்து போய், பீரோவிலிருந்து அம்மாவின் பழைய எக்ஸ்ரே ஒன்றை எடுத்துவந்தார்.

"விரலை ஈரமாக்கி ஓரத்தைத் தொடு. எந்தப் பக்கம் ஒட்டுகிறது?"

"இரண்டு பக்கமும், தாத்தா."

"வெளிச்சத்தைப் பிடிக்கும் மருந்து கேமரா பிலிமுக்கு ஒரு பக்கம். இதற்கு இரண்டு பக்கமும் பூசுவோம்," என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அவர் பேத்தி அழிக்கிற புள்ளிகள் அதில் நிறையவே இருந்தன.