படித்துறைக்கு வேறு பேர்

"படத்துல நம்ம ஊர் பேர் வருமா தம்பி?"

"வரும் ஐயா."

பேச்சு இவ்வளவுதான். மூன்று வருடம் ஆகிறது. அதற்கப்புறம் எத்தனையோ படங்களுக்கு லொகேஷன் பிடித்துக் கொடுத்துவிட்டேன். எத்தனையோ ஊரில் எத்தனையோ பேரிடம் என்னென்னவோ சொல்லி அனுமதி வாங்கியிருக்கிறேன். அந்த ஒரு ‘வரும்’ மட்டும் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

கதைப்படி நாயகன் அப்பாவின் அஸ்தியைக் கரைக்கக் காசிக்குப் போகிறான். நிஜக் காசிக்குப் போக தயாரிப்பாளரிடம் பணம் இல்லை, நடிகரிடம் தேதியும் இல்லை. தசாஸ்வமேத படித்துறையில் தினமும் சாயங்காலம் ஆரத்திக்குக் கூடுகிற கூட்டத்தை நிறுத்தி வைத்து ஷாட் எடுப்பதும் நடக்கிற காரியம் இல்லை. "காவிரிக் கரையில ஒரு காசி பிடிச்சுக் குடுங்க" என்றார் மேனேஜர். மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் நிறைந்து ஓடிய ஆடி மாதம். பிடித்துக் கொடுத்தேன்.

நான்கு தூண் மண்டபம், அதிலிருந்து ஆற்றுக்குள் இறங்கும் பதினேழு படிகள். மராட்டியர் காலத்தது என்று ஊரில் சொல்வார்கள். செங்கலும் சுண்ணாம்புக் காரையும். தூணில் கை வைத்தால் உச்சி வெயிலிலும் குளிர்ச்சியாக இருக்கும். சாயங்காலம் அங்கே விளக்கு வைப்பது அந்தப் பெரியவரின் குடும்பம்தான். அதனால் ஊராட்சியில் பேசி முடித்த பிறகும் அவரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். அப்படிக் கேட்டது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பதில் சொன்ன விதம்தான் சரியில்லை.

என்னைப் படியில் உட்கார வைத்தார். தண்ணீரைக் காட்டி, "இந்தத் துறையில முழுக்குப் போட்டா காசிக்கு வீசம் கூடன்னு எங்க அப்பா சொல்லுவார்" என்றார். டெல்டாவில் இதைச் சொல்லிக்கொள்ளாத ஊர் குறைவு. ஆனால் அவர் சொன்னபோது அது பெருமை மாதிரி இல்லை, வீட்டுக் கணக்கைச் சொல்வது மாதிரி இருந்தது. அதற்கடுத்துத்தான் பேரைப் பற்றிக் கேட்டார். காசியை விட வீசம் கூட என்று நம்புகிற மனிதரிடம், "உங்க துறையைக் காசின்னு காட்டப் போறோம்" என்று அந்த நிமிடம் எனக்குச் சொல்ல வரவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு யூனிட் வந்து இறங்குகிறது. ஜெனரேட்டர் வண்டி ஏற்கெனவே கும்பகோணம் தாண்டிவிட்டது.

வாய் கூசாமல் சொன்ன பொய் இல்லை அது. படத்தின் முதலில் ஓடும் நன்றி கார்டில் ஊர் பேர் வரும் என்று நினைத்துத்தான் சொன்னேன். நான் எழுதிக் கொடுத்த பட்டியலில் அந்த ஊர்தான் முதலில் இருந்தது. கடைசியில் ‘தஞ்சை மாவட்டப் பொதுமக்கள்’ என்று ஒரே வரியாக்கிவிட்டார்கள். அதை நான் எப்படித் தடுத்திருக்க முடியும்? ஆனால் அவர் கேட்டது நன்றி கார்டு இல்லை என்பதும் எனக்கு அப்போதே தெரியும். மண்டபத்தைத் திரையில் காட்டும்போது இது இன்ன ஊர் என்று யாராவது சொல்வார்களா என்று கேட்டார்.

சினிமாவில் இடங்கள் தம் பேரிலேயே வருவது கொஞ்சம்தான் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். 1998-இல் ‘ஜீன்ஸ்’ படத்தில் ஒரு பாட்டுக்காக உலக அதிசயங்களையெல்லாம் சுற்றி வந்தார்களே, அங்கே ஈஃபிள் கோபுரம் ஈஃபிள் கோபுரமாகவே நின்றது, தாஜ்மகால் தாஜ்மகாலாகவே நின்றது. அது அபூர்வம். ‘எந்திரன்’ படத்தில் கிளிமஞ்சாரோ என்று பாடுகிறார்கள். ஆடுவது பெரு நாட்டின் மச்சு பிச்சுவில், மலையோ ஆப்பிரிக்காவில். ஜோர்டானில் பாறையைக் குடைந்து செதுக்கிய பெட்ராவின் கருவூல முகப்பு, 1989-இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் படத்தில் புனிதக் கிண்ணம் இருக்கும் கோயிலாக மாறியது. அயர்லாந்தில் துறவிகள் கல்குடில் கட்டி வாழ்ந்த ஸ்கெல்லிக் மைக்கேல் தீவு, ஸ்டார் வார்ஸ் படத்தில் வேறொரு கிரகம். நம் சோழர் கதைக்கே, ‘பொன்னியின் செல்வன்’ படப்பிடிப்பைத் தொடங்கியது தாய்லாந்தில். அப்படியிருக்க, பதினேழு படியுள்ள ஒரு துறை காசியானதில் என்ன குறைந்துவிட்டது? இந்த நியாயம் பகலில் நன்றாகவே நிற்கிறது. ராத்திரி நிற்பதில்லை. மச்சு பிச்சுவை எந்தப் பேரில் காட்டினாலும் உலகத்துக்கு அது மச்சு பிச்சு என்று தெரியும். இந்தப் படித்துறையை அந்த ஊரைத் தவிர யாருக்குத் தெரியும்?

பேர் வந்திருந்தால் மட்டும் நல்லது நடந்திருக்குமா என்றும் தோன்றும். தாய்லாந்தின் மாயா விரிகுடாவில் எடுத்த படம் 2000-இல் வந்தது. அந்தக் கடற்கரையைத் தேடி உலகமே கிளம்பியது. படகுகளும் கால்களும் பட்டுப் பவளப்பாறை பாழாகி, 2018-இல் கரையையே மூடினார்கள். திரும்பத் திறந்தது 2022-இல். நம் துறைக்கு அப்படியொரு கூட்டம் வராது என்றாலும், இங்கே ஊர் பேரை எழுத வந்த கை நின்றுவிட்டது. காப்பாற்றுகிறேனா, மறுபடியும் மறைக்கிறேனா என்று எனக்கே பிடிபடவில்லை.

எல்லாரும் முதலில் கேட்பது தஞ்சைப் பெரிய கோயிலைத்தான். அது 1987-இலும், கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004-இலும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியவை. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை, உரிமம் இல்லாமல் அங்கே படம் எடுக்க முடியாது. எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும், ஆயிரம் நிபந்தனை. அதனால் யூனிட்டுகள் எந்தப் பட்டியலிலும் இல்லாத மண்டபங்களுக்கு வருகின்றன. அழைத்து வருவது என்னைப் போன்றவர்கள்.

கலை இயக்கத்துப் பையன் தூணில் இந்தியில் ‘தசாஸ்வமேத காட்’ என்று காவி நிறத்தில் எழுதினான். "வாட்டர் கலர்தான் அண்ணே, தண்ணி ஊத்தினா போயிடும்" என்றான். இரண்டு நாளில் ஷூட்டிங் முடிந்தது. ஊர்ப் பொதுவுக்கு 40,000 ரூபாய் கொடுத்தோம். தேங்காய் நாரால் நானும் சேர்ந்து தேய்த்தேன். மேல் பூச்சு போனது. ஆனால் சுண்ணாம்புக் காரை சாயத்தை உள்ளே குடித்திருந்தது. மூன்றாம் நாள் ஆடிப்பெருக்கு. பெண்கள் காதோலை கருகமணியும் மஞ்சளுமாக வந்து, அந்த எழுத்துக்குக் கீழேயே பிள்ளையார் பிடித்து வைத்துக் கும்பிட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

2000-ஆம் வருடம் மச்சு பிச்சுவில் ஒரு பீர் விளம்பரத்துக்குப் படம் பிடித்தபோது கிரேன் சாய்ந்து, சூரியனைக் கட்டும் கல் என்று சொல்கிற இன்டிஹுவாடானாவின் முனை உடைந்து போனது. அதைப் படித்த அன்று நான் நினைத்தது கிரேனைப் பற்றி இல்லை. அங்கேயும் உள்ளூரில் ஒருவன், ‘ஒன்றும் ஆகாது’ என்று யாரிடமாவது சொல்லியிருப்பானோ என்றுதான். எங்கள் தூணில் எதுவும் உடையவில்லை. இரண்டையும் ஒன்றாக வைப்பது அதிகப்படிதான். தெரிந்தும் வைக்கிறேன்.

போன ஆடியில் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது வண்டியை நிறுத்தினேன். பெரியவர் இளைத்திருந்தார். டிவியில் படம் பார்த்தாராம். "மண்டபம் நல்லா இருந்துச்சு தம்பி. காசின்னு சொன்னாங்க" என்றார். கோபம் இல்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், நன்றி கார்டு கதையைச் சொல்லியிருப்பேன். அவர் அதற்கு இடம் கொடுக்காமல் எழுந்து தூணருகே போனார்.

"இது என்ன எழுதியிருக்கு? பள்ளிக்கூடத்துப் பசங்களைக் கேட்டேன், தெரியலன்னுட்டாங்க."

ஐதராபாத்தில் வேலை பார்த்த வருடங்களில் இந்தி எழுத்து கற்றுக்கொண்டவன் நான். மழையில் முதல் சொல் வெகுவாக மங்கியிருந்தது. தெரியாதவன் கண்ணுக்கு வெறும் கறை. ‘காட்’ மட்டும் தெளிவாக நின்றது. எனக்கு இரண்டுமே தெரிந்தன.

"படித்துறைன்னு எழுதியிருக்கு ஐயா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

துண்டின் நுனியால் அந்த எழுத்தின் மேல் இருந்த தூசியைத் துடைத்துவிட்டு, விளக்குக்கு எண்ணெய் எடுத்து வர வீட்டுக்குப் போனார்.