650 சொற்களுக்குள் ஒரு மளிகைக் கடை

பினாங்கு பட்டர்வொர்த்தில் மளிகைக் கடை நடத்தும் குடும்பத்துப் பையன் ஒருவன், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க உதவி கேட்டு என்னிடம் வந்தான். அங்கே பல கல்லூரிகளுக்கும் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பத்தில், 250 முதல் 650 சொற்களுக்குள் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். அவனுடைய முதல் வரைவு ரோபோட்டிக்ஸ் போட்டியில் வென்றதைப் பற்றியது. பொன்மொழியில் தொடங்கி, விடாமுயற்சியைப் புகழ்ந்து, நாட்டுக்குச் சேவை செய்வேன் என்று முடிந்த அந்தக் கட்டுரையில், எஸ்.பி.எம். என்ற மலேசியப் பள்ளியிறுதித் தேர்வுக்கு எழுதி எழுதிப் பழகிய கை நன்றாகவே தெரிந்தது. ஆங்கிலத்தில் பிழையே இல்லை. ஆனால் வேறு எந்த மாணவனும் அதைத் தன் பெயரில் அனுப்பிவிடலாம்.

ஆகவே எழுதுவதை நிறுத்திவிட்டு அவனைப் பேச வைத்தேன். பள்ளி விட்டதும் எங்கே போவாய், கடையில் உன் வேலை என்ன, வீட்டில் எதற்குத் திட்டு வாங்குவாய் என்று கேட்கக் கேட்க, கடன் கணக்கு எழுதும் 555 நோட்டுக்கு வந்து சேர்ந்தான். உள்ளங்கை அளவேயான அந்த நோட்டைப் பாட்டிதான் எழுதி வந்தார். இவன் அதைக் கைக்கணினியில் ஏற்றி, கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தான். கணக்கு சீரானது, ஆனால் நெடுநாள் வாடிக்கையாளரான ஓர் அம்மா கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். பாட்டி யாருக்குக் கணக்கைக் காட்டினாலும் மற்ற வரிகளைக் கையால் மூடியே காட்டுவார் என்பது அதன் பிறகுதான் அவனுக்கு உறைத்ததாம். "அவங்க கடன் எல்லாருக்கும் தெரியிற மாதிரி வச்சிட்டேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றப் பார்த்தான். நான் விடவில்லை. ஒருவரைப் பற்றிய தகவலை யார் பார்க்கலாம் என்ற கேள்வி, கணினி அறிவியல் படிக்க விரும்பும் பிள்ளைக்குத் தன் வீட்டுக் கல்லாவிலேயே எழுந்திருக்கும்போது, கட்டுரைக்கு வேறு பொருளை ஏன் தேட வேண்டும்?

கோப்பை வாங்கியதை விட்டுவிடுவதா என்று அவன் அப்பா வருந்தினார். அதே விண்ணப்பத்தில் நடவடிக்கைகளுக்குப் பத்து இடங்களும் விருதுகளுக்கு ஐந்து இடங்களும் தனியே இருப்பதைக் காட்டிய பிறகு சமாதானமானார்.

அதற்குப் பிறகு நான் ஒரு வாக்கியம்கூட எழுதித் தரவில்லை. பதினேழு வயதுப் பிள்ளையின் குரலில் பெரியவரின் நடை கலந்தால், படிப்பவருக்கு அது உடனே தட்டுப்படும் என்பது என் உறுதியான எண்ணம். ஓரத்தில் பென்சிலால் கேள்விகளை மட்டும் எழுதினேன். 'திரை எந்தப் பக்கம் பார்த்திருந்தது?' 'அந்த அம்மா கடைசியாக என்ன வாங்கினார்?' இரண்டாவது கேள்விக்கு அவன் எழுதிய பதில், ஒரு கிலோ அரிசியும் ஒரு டின் பாலும், கட்டுரையின் முதல் வரியாயிற்று.

பிரிட்டனுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. 2026 சேர்க்கையிலிருந்து, அங்கே பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பு மூன்று தனிக் கேள்விகளைக் கேட்கிறது. இடைவெளிகளையும் சேர்த்து மொத்தம் 4,000 எழுத்துகள்தாம். படிப்பின் மீதுள்ள ஆர்வமும் அதற்கான தயாரிப்புமே அங்கே முதன்மை என்பதால், 555 நோட்டுக்கு மூன்றாம் பதிலில் இரண்டு வரிக்கு மேல் இடம் இல்லை.

அனுப்புவதற்கு முன், கட்டுரையைப் பாட்டிக்குத் தமிழில் சொல்லிக் காட்டச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, அந்த அம்மா வசிக்கும் தாமானின் (குடியிருப்புப் பகுதியின்) பெயரை மட்டும் எடுத்துவிடச் சொன்னாராம். எடுத்துவிட்டு, பல கல்லூரிகளின் கெடுவான ஜனவரி 1க்கு முன்பே விண்ணப்பத்தை அனுப்பினான்.