அடைமழையும் அவரைப் பந்தலும்

ஐப்பசி 1, சனி

விடிந்தும் விடியாமலும் கொல்லைக் கதவைத் திறந்தால் கிணற்றடி முழுக்கப் பவழமல்லி. ராத்திரி தூறியதால் பாதிப் பூ மண்ணோடு ஒட்டிவிட்டது. மீதி, அத்தை மரத்தடியில் விரித்துவைத்திருந்த பழைய வேட்டியில் சேதமில்லாமல் கிடந்தது. தரையில் உதிர்ந்த பூ சாமிக்கு ஆகாது என்பார்கள். பவழமல்லிக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. இருட்டில் மலர்ந்து, வெயில் ஏறுமுன் தானே உதிர்ந்துவிடுகிற பூவை வேறு எப்படி எடுப்பது! அந்த ஆரஞ்சுக் காம்பை மட்டும் கிள்ளிக் காயவைத்து, அத்தையின் அம்மா துணிக்குச் சாயம் காய்ச்சுவாராம்.

இன்றிலிருந்து மாயவரத்தில் துலா ஸ்நானம், ஐப்பசி முழுக்கக் காவிரியில் முழுகுவது. குத்தாலம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் எங்களுக்கு மாயவரம் தூரமில்லை, ஆனால் இவர் வழக்கம்போல் வாய்க்காலிலேயே முழுக்குப் போட்டுவிட்டு வந்தார். ஜூன் 12 மேட்டூரில் திறந்த காவிரிதானே இதிலும் ஓடுகிறது.

டெல்டா என்றதும் எல்லோரும் தை மாதத்தைத்தான் கொண்டாடுகிறார்கள். அறுவடை, பொங்கல், கரும்பு, எல்லாம் சரி. ஆனால் வீட்டில் இருந்து வீட்டை அனுபவிக்க ஐப்பசி, கார்த்திகையை மிஞ்சிய காலம் கிடையாது. இந்தக் கூதிர்காலத்தை இந்த வருஷமாவது எழுதிவைக்க வேண்டும் என்று நோட்டை எடுத்திருக்கிறேன்.

ஐப்பசி 2, ஞாயிறு

தீபாவளி மருந்து கிண்டினோம். சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், கொஞ்சம் தனியா. கடையில் எல்லாம் சேர்த்துப் பொட்டலமாகவே கிடைக்கிறது. இருந்தாலும் அத்தை தனித்தனியாக வாங்கி, ஒவ்வொன்றையும் வெறும் வாணலியில் சூடு காட்டித்தான் இடிக்கவிடுவார். ஓமம் முதலில் கருகிவிடும், சுக்குக்கு நேரம் பிடிக்கும். ஒன்றாகப் போட்டால் இரண்டும் கெடும்.

வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகு கொதித்ததும் பொடியைத் தூவி, விடாமல் கிண்ட வேண்டும். நெய்யும் நல்லெண்ணெயும் மாறி மாறி ஊற்றினேன். ஒரு கட்டத்தில் மருந்து ஊற்றின நெய்யையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டது. அப்புறம் மெல்ல மெல்லத் திரும்பக் கக்கியது. கரண்டியில் ஒட்டாமல், ஓரத்தில் நெய் மினுமினுவென்று பிரிந்து நின்றபோது "போதும்மா, இறக்கு" என்றார் அத்தை. தேன் ஆறிய பிறகுதான்.

அதற்குள் கூடம், ரேழி, திண்ணை வரைக்கும் வாசனை போய்விட்டது. தெருவில் போன பக்கத்து வீட்டு அக்கா உள்ளே எட்டிப் பார்த்து, "எனக்கு ஒரு உருண்டை எடுத்து வெச்சிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசி 3, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் முதலில் மருந்து, பிறகுதான் பட்சணம். பையன் சென்னையிலிருந்து வரவில்லை. வீடியோ காலில் மருந்து டப்பாவைக் காட்டச் சொன்னான். மத்தியானம் பிடித்த மழையில் பட்டாசெல்லாம் நமுத்துவிட்டது.

ஐப்பசி 5, புதன்

மூன்றாம் நாளாக மழை. முற்றத்தில் நாலு பக்கமும் ஓட்டிலிருந்து கொட்டுகிறது. மூலைக்கு ஓர் அண்டா வைத்திருக்கிறோம். முதல் மழையில் ஓட்டுத் தூசியெல்லாம் கழுவிப்போன பிறகுதான் பிடிக்க வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும், அதில் துவரம்பருப்பு வேக அடம்பிடிக்கும். மழைத் தண்ணீரில் போட்டால் குழைந்துவிடுகிறது. ஆவணியிலேயே ஆள் வைத்து உடைந்த ஓடுகளை மாற்றிவிட்டதால் கூடத்தில் எங்கும் ஒழுகவில்லை.

சமையல் இன்று மணத்தக்காளி வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம். வெளியே போய்க் காய் வாங்க முடியாத நாளுக்கென்றே சித்திரை வெயிலில் போட்ட வற்றல் இது. மோரில் ஊறி, மொட்டை மாடியில் காய்ந்து, ஜாடிக்குள் போனது. நல்லெண்ணெயில் அது பொரிந்து உப்பும்போது வருகிற வாசனை, வெயில் நாளில் இவ்வளவு நன்றாக இருப்பதில்லை. சூடான சோற்றில் பிசைந்து ஊஞ்சலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எதிரே ஓட்டுத் தண்ணீர் திரையாக விழுந்துகொண்டிருந்தது.

ஆனால் எதிர்வீட்டுத் தம்பியின் குறுவை நெல் இன்னும் சாலையோரத்தில் தார்பாயின் கீழ்தான் கிடக்கிறது. எங்கள் நெல் புரட்டாசியிலேயே கொள்முதலுக்குப் போய்விட்டது. அவனுக்கு அறுவடை தள்ளிப்போய் மழையில் மாட்டிக்கொண்டது. கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இந்த வானத்தின் கீழ் நெல் எப்படிக் காயும்? மழை விட்ட அரைமணி நேரத்தில் இவரும் அவனும் சேர்ந்து தார்பாயை விலக்கிக் கிளறிவிட்டார்கள். திரும்பவும் தூறல், திரும்பவும் மூடினார்கள். ராத்திரி அவன் வீட்டுக்கும் சேர்த்துக் குழம்பு வைத்தேன். அதைத் தவிர என்னால் ஆனது எதுவும் இல்லை. மழை நல்லது என்று நான் எழுதும்போதெல்லாம் அந்த நெல்லும் கூடவே நினைவில் இருக்கிறது.

ஐப்பசி 9, ஞாயிறு

வெயில்! அவன் நெல்லை ரோடு நீளத்துக்குப் பரப்பியிருக்கிறான்.

நான் நேராக அவரைப் பந்தலுக்குப் போனேன். ஆடிப் பட்டத்தில் ஊன்றிய விதை இப்போது பந்தலையும் தாண்டி முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஊதாப் பூங்கொத்துகள் நிமிர்ந்து நிற்கின்றன. அடிக்கொத்தில் சுண்டு விரல் நகமளவு பிஞ்சு. மூட்டமாகவே இருந்ததால் கொழுந்துகளில் அசுவினி ஏறியிருந்தது. பூக்காம்பைச் சுற்றிக் கருப்பாக, காம்பே தெரியாத அளவுக்கு அடை. தொட்டால் விரல் பிசுபிசுக்கிறது. விறகடுப்புச் சாம்பலைச் சலித்து, இலையில் ஈரம் காய்வதற்குள் தூவினேன். ஈரம் இருந்தால்தான் சாம்பல் ஒட்டும். ஒரு கொத்தில் மட்டும் பொறிவண்டு ஒன்று அசுவினியைத் தின்றுகொண்டே நகர்ந்தது. காம்பின் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்து, அது போன வழி பச்சையாகச் சுத்தமாகத் தெரிந்தது. அந்தக் கொத்தை அதன் பொறுப்பிலேயே விட்டுவிட்டேன்.

சாயங்காலம் வாழைச் சருகுக்குள் சரசரப்பு. ஆறுமணிக் குருவி! இமயமலை அடிவாரத்திலிருந்து ஒவ்வொரு வருஷமும் இந்தப் பருவத்தில் தெற்கே வருகிற பறவை. பச்சை முதுகு, கண்ணில் கருப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. இத்தனை நிறத்தையும் வைத்துக்கொண்டு சருகைக் கிளறிப் புழு தேடுகிறது. விடியலிலும் அந்தியிலும் தவறாமல் கூவும் என்பதால்தான் அந்தப் பெயர். "வந்துட்டானா?" என்றார் அத்தை, உறவுக்காரரை விசாரிப்பது போல. வாழைச் சருகைக் கூட்டி எரிக்க வேண்டாம் என்று இவரிடம் சொல்லிவிட்டேன். அது பங்குனி வரைக்கும் அங்கேதான் சாப்பிட வேண்டும்.

ஐப்பசி 19, புதன்

பௌர்ணமி. சிவன் கோயிலில் அன்னாபிஷேகம். எங்கள் குறுவை அரிசியில் கொஞ்சம் கொடுத்தோம். லிங்கம் மொத்தமும் வெள்ளைச் சோறு, அதன்மேல் கத்தரி, புடலை, வாழைக்காய் என்று அவரவர் கொல்லையில் காய்த்தது அலங்காரம். எங்கள் வீட்டுப் பரங்கிக்காயும் இருந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஐப்பசி 30, ஞாயிறு

கடைமுகம், ஐப்பசி முழுக்கின் கடைசி நாள். மாயவரம் பஸ்ஸில் நிற்க இடமில்லை என்று போனவர்கள் சொன்னார்கள். நாங்கள் போகவில்லை. நாளை முடவன் முழுக்குக்கும் ஒரு வாய்ப்பு இருக்கிறது; ஐப்பசிக்குள் வந்து சேர முடியாதவனுக்காகக் கார்த்திகை முதல் நாளையும் சேர்த்துக் கொடுத்த ஊர் அது.

கார்த்திகை 4, வியாழன்

வேலியில் செங்காந்தள் பூத்திருக்கிறது. கார்த்திகைப் பூ என்றே இங்கே சொல்வோம், மாசம் தவறாமல் வந்துவிட்டது. இலை நுனி சுருண்டு கள்ளிக்கிளையைப் பிடித்துக்கொண்டு ஏறியிருந்தது. நேற்று விரிந்த பூ அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. அதற்கு முன்னால் விரிந்தது முழுச் சிவப்பு. இன்னும் விரியாதது பச்சை. ஒரே கொடியில் ஒரு பூவின் வயசெல்லாம் தெரிகிறது. கிழங்கு கடும் விஷம், அதனால் ஆடுகூடத் தொடாது. பக்கத்து வீட்டுக் குழந்தைகளிடம் பார்க்கலாம், பறிக்கக் கூடாது என்று ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன். மாநில மலர் நம் வேலியிலேயே இருக்கிறது என்று சொன்னதும் சின்னவள் கண்ணை அகல விரித்தாள்.

சம்பா தூர் கட்டி நன்றாக வந்திருக்கிறது. அவரை இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு முறம். பொரியல், கூட்டு, சாம்பார் என்று சலிக்காமல் ஓடுகிறது. மிஞ்சுவது தெருவுக்கு.

கார்த்திகை 13, சனி

இலங்கைப் பக்கமிருந்து புயல். காற்று ஊளையிடுகிறது, கரண்ட் இல்லை. வாழைத்தார்களுக்கு நேற்றே முட்டுக் கொடுத்துவிட்டோம். ஆறுமணிக் குருவி மாட்டுக்கொட்டகை மூலையில் ஒதுங்கியிருக்கிறது.

பேராவூரணிப் பக்கம் இருக்கும் தங்கையிடம் பேசினேன். புயல் என்றாலே அவளுக்கு 2018 நவம்பர் 16 தான். அந்த விடியற்காலையில் கஜா அவர்கள் தென்னந்தோப்பை வேரோடு சாய்த்துவிட்டது. அதற்குப் பிறகு வைத்த நெட்டைக் கன்றுகள் இப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருக்கின்றன. தோப்பில் ஒன்றும் ஆகவில்லை என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்குக் காபி இறங்கியது. முதல் வெட்டில் எங்களுக்கு ஒரு சாக்குத் தேங்காய் அனுப்பியிருந்தாள். அதைத் துருவி, குமட்டி அடுப்பில் அடை வார்த்தேன். அரிக்கேன் வெளிச்சத்தில் மூன்று பேரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, வார்க்க வார்க்க வெண்ணெயும் வெல்லமும் வைத்துச் சாப்பிட்டோம். அத்தை தன் கல்யாணத்து மழையைப் பற்றிச் சொன்னார். எத்தனை முறை கேட்டாலும் பிடித்த கதை.

கார்த்திகை 17, புதன்

தீபம். மழை விட்டுக் கொடுத்தது. சம்பாவில் நின்ற தண்ணீரும் வடிந்துவிட்டது என்று இவர் நல்ல செய்தியோடு வந்தார். புது அகல்களை ஊறவைத்து எடுத்தால் எண்ணெய் குடிக்காது. பொரிக்கு உருட்டுப் பதத்தில் பாகு வைத்து, தேங்காயைப் பல் பல்லாகக் கீறிப் போட்டு, கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு சூட்டோடு பிடித்தோம்.

வாசல், திண்ணை மாடம், முற்றம், கிணற்றடி, மாட்டுக்கொட்டகை, அவரைப் பந்தல் கால்கள். கடைசியாகக் குப்பைக்குழிக்கும் ஒரு விளக்கு. வருஷம் பூராவும் கொல்லைக்கு எருவைத் தருகிற இடம் அது, அதற்கு விளக்கு வைக்காமல் எப்படி?

கார்த்திகை 21, ஞாயிறு

நல்ல வெயில். கம்பளி, ஜமக்காளம் எல்லாம் கொடியில். அவரையில் நன்றாகப் பருத்த நெற்றுகளாகப் பார்த்து அத்தை விதைக்கென்று நூல் கட்டியிருக்கிறார், அதை யாரும் பறிக்கக் கூடாது. பையன் அடுத்த வாரம் வருகிறானாம், வத்தக்குழம்புதான் வேண்டுமாம். ஜாடியில் மணத்தக்காளி அடியில்தான் இருக்கிறது, சுண்டைக்காய் தாராளமாக இருக்கிறது. அவனுக்கு அவரைக்காய்ப் பொரியலும் பிடிக்கும். டிசம்பர் பூச்செடியில் ஊதா மொட்டுகள் தெரிகின்றன. கத்தரி நாற்றுக்குப் பாத்தி கொத்த வேண்டும், ஆனால் மண் இன்னும் ஒட்டுகிறது. புதன்கிழமை பார்க்கலாம் என்கிறார் இவர்.