பழக்கவழக்கம் காணப்படவில்லை

வருவாய்த் துறையில் சாதிச் சான்றுக் கோப்புகளைப் பார்த்த காலத்தில் ஒரு வரி என் கண்ணில் திரும்பத் திரும்பப் பட்டது: ‘மனுதாரர் குடும்பத்தில் பழங்குடியினருக்குரிய பழக்கவழக்கங்கள் எதுவும் காணப்படவில்லை.’ கள விசாரணை அறிக்கையின் கடைசிப் பத்தியில் அது இருக்கும். கீழே, பரிந்துரைக்க இயலவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஒரு பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கை அந்த இடத்திலேயே நின்றுபோகும்.

தமிழ்நாட்டில் மற்றப் பிரிவினரின் சான்றுகள் தாசில்தார் அலுவலகத்தோடு முடிந்துவிடும். பழங்குடியினர் சான்று மட்டும் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். போலிச் சான்று வாங்கி வேலைக்குச் சேர்ந்தவர்கள் உண்டு என்பதால் இந்தக் கடுமை தேவைதான். 1994இல் மகாராஷ்டிரத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்று விரிவாகச் சொன்னது. தெய்வம், சடங்கு, திருமண முறை, சாவுச் சடங்கு, பிணத்தை அடக்கம் செய்யும் விதம் எல்லாவற்றையும் கேட்டறியச் சொன்னது. கேட்பதில் எனக்கு மறுப்பில்லை. பதில் வராவிட்டால் அதற்கு என்ன பொருள் கொள்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

எலியும் பாம்பும் பிடிப்பதை மரபுத் தொழிலாகக் கொண்ட பழங்குடியினரான இருளர் குடும்பம் ஒன்றின் விசாரணைக்கு உடன் போயிருந்தேன். ஏரிக்கரையில் நாலைந்து குடிசைகள். மனு போட்ட பையனின் அப்பா அரிசி ஆலையில் நெல் அவிக்கிறவர். “எலி பிடிக்கத் தெரியுமாய்யா?” என்று கேட்டார் வருவாய் ஆய்வாளர். “தெரியாது சார், சின்ன வயசிலேர்ந்து மில்லுதான்” என்றார் அவர். பேனா காகிதத்துக்குப் போய்விட்டது. பக்கத்தில் குந்தியிருந்த அவருடைய அம்மா அப்போதுதான் வாய் திறந்தார். “எனக்குத் தெரியும் சாமி. வளைக்கு நாலஞ்சு வாய் இருக்கும். மத்ததையெல்லாம் மண்ணு போட்டு அடைச்சிட்டு, ஒரு வாயில சட்டிய வெச்சு வைக்கோலப் பத்தவெச்சு ஊதணும். பொகையில எலி மயங்கிடும். அப்புறம் தோண்டுனா அது சேத்து வெச்ச நெல்லும் கெடைக்கும்.” சொல்லும்போதே அவருடைய கை தரையில் வளையின் வாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டியது. மகனுக்கு ஏன் சொல்லித் தரவில்லை என்று கேட்டேன். முன்பணம் வாங்கி மில்லுக்குப் போனபோது அவனுக்கு எட்டு வயசு, வயக்காட்டுப் பக்கம் விட்டால்தானே என்றார்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். அதற்குப் பிறகும் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் விறகு வெட்டும் இடங்களிலும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. அதற்கு முன்பே காடு கைவிட்டுப் போயிருந்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் பாம்புத்தோல் வியாபாரமும் நின்றது. சட்டம் சரியானதுதான், ஆனால் அதை நம்பிப் பிழைத்தவர்களுக்கு மாற்றுவழி காட்டியிருக்க வேண்டும். 1978இல் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அப்படிப்பட்ட ஒரு வழி. விஷம் எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அங்கே அறிவும் பிழைத்தது, ஆட்களும் பிழைத்தார்கள். எல்லோருக்கும் அந்த வாய்ப்பு அமையவில்லை.

இப்படி நடப்பதை மானிடவியலில் பழங்குடித்தன்மை இழப்பு என்பார்கள். ஆங்கிலத்தில் டீட்ரைபலைசேஷன். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் சுரங்கங்களுக்கும் நகரங்களுக்கும் வந்த தொழிலாளர்களைப் பற்றிக் காலனி அதிகாரிகள் அதிகம் புழங்கிய சொல் அது. ஊரைவிட்டு வந்தவன் குலத்தையும் விட்டுவிட்டான் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் வடக்கு ரொடீசியாவின் (இன்றைய ஜாம்பியா) செம்புச் சுரங்க நகரங்களில் பிசா இன இளைஞர்கள் ஞாயிறுதோறும் கலேலா என்ற ஆட்டம் ஆடினார்கள். நன்றாகத் தேய்த்த கால்சட்டை, பளபளக்கும் ஷூ, பாடும் பாடல்களில் தங்கள் இனத்தின் பெருமை. தோல் உடுத்தி வந்தால்தான் பழங்குடி என்று பார்த்தவர் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது.

நம் பக்கத்திலும் அதே பார்வைதான். 1965இல் லோகூர் குழு வகுத்த அடையாளங்களில் தொன்மைக் கூறுகள் ஒன்று, வெளியாரிடம் பழகக் கூச்சம் இன்னொன்று. பள்ளிக்கூடம் போய், அதிகாரி முன்னால் தலைநிமிர்ந்து பதில் சொல்லும் பிள்ளையிடம் இந்தக் கூச்சத்தை எங்கே போய்த் தேடுவது? படி, முன்னேறு என்று சொல்வதும் நாம்தான். படித்து வந்தபின் நீ பழங்குடி மாதிரி இல்லையே என்பதும் நாம்தான். இதை நினைத்து எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

பழக்கவழக்க ஒப்பீட்டை மட்டும் வைத்து ஒருவரைத் தள்ளிவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொன்னது. இடப்பெயர்வு, நவீன வாழ்க்கை இதையெல்லாம் கணக்கில் கொள்ளச் சொன்னது. 2023இல் மூன்று நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதிசெய்தது. அரசியல் சாசனத்துக்கு முந்தைய ஆவணங்களுக்கு அதிக மதிப்பு உண்டு என்றும் சொல்லப்பட்டது. நிலம் வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய துணை. பட்டாவும் இல்லாமல், பள்ளிக்கூடப் பதிவேட்டில் பேரும் இல்லாமல் ஏரிக்கரையில் இருந்தவர்களுக்கு எந்த ஆவணம் இருக்கப்போகிறது? அவர்களுக்கு இன்றும் கள விசாரணைதான் கதி. அதனால் என்ன கேட்கிறோம், யாரிடம் கேட்கிறோம் என்பது முக்கியமாகிறது.

மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனால் பல மாவட்டத்து இருளர்களும் கூடியிருப்பார்கள். கன்னியம்மனைக் கும்பிட்டு, அங்கேயே பெண் பார்த்து, நிச்சயம் பேசி, கல்யாணமும் முடிப்பார்கள். சூளையிலிருந்தும் மில்லிலிருந்தும் வருகிறவர்கள்தான். விசாரணை அறிக்கைகளில் இதைப் பற்றி ஒரு வரி கண்டதில்லை. எலி பிடிப்பாயா, பாம்பு பிடிப்பாயா என்று தொழிலையே கேட்டுக்கொண்டிருந்தால் இது எப்படி வரும்?

பிற்பாடு என்னிடம் வந்த கோப்புகளில், பெண் கொடுத்த ஊர், எடுத்த ஊர், அங்கே யாருக்கெல்லாம் சான்று இருக்கிறது என்ற விவரம் இல்லாவிட்டால் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினேன். வேலை கூடுகிறது என்று ஆய்வாளர்கள் சங்கடப்பட்டார்கள். கூடத்தான் செய்தது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டால் வீட்டில் உள்ள பெரியவர்கள் திணறுவதில்லை. அக்கா மகளைக் கொடுத்த ஊர், கொழுந்தனார் பெண் எடுத்த வீடு என்று சொல்லிக்கொண்டே போவார்கள். எழுதுகிறவர் இன்னொரு தாள் கேட்பார்.