மூன்று வாக்கியங்கள்

நிக்கொலாயே யோர்காவுக்கு எனக்கு ஒதுக்கியிருந்தது 350 சொற்கள். ஆயிரத்துக்கும் மேல் நூல் எழுதிய ருமேனிய வரலாற்றாசிரியருக்கு 350. கலைக்களஞ்சிய வேலையில் எழுதுவதைவிட வெட்டுவதுதான் பிழைப்பு, அது தெரிந்ததுதான். நான் கொடுத்தது 410.

சார் புரூஃபில் ஒரு பத்தியைப் பென்சிலால் சுற்றியிருந்தார். "இதை எடுத்துடலாமா தம்பி?" உத்தரவு போடவில்லை, கேட்டார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மூன்றே வாக்கியங்கள். 1910-ல் யோர்கா, ஏ.சி. கூசாவோடு சேர்ந்து ஜனநாயக தேசியவாதக் கட்சியைத் தொடங்கினார். யூத வெறுப்பு அதன் கொள்கையிலேயே இருந்தது. அந்தக் கூசாவின் நிழலில்தான் பின்னாளில் கொத்ரேயானு என்ற இளைஞர் வளர்ந்தார்; 1927-ல் அவர் தனியே போய்த் தொடங்கிய இயக்கம்தான் இரும்புக் காவல் படை என்ற பாசிச அமைப்பு ஆனது.

அந்தப் படையினர்தான் 1940 நவம்பர் 27 அன்று யோர்காவை சினாயாவிலிருந்து கூட்டிக்கொண்டு போய்ச் சுட்டுக் கொன்றார்கள். ப்ளோயெஷ்த் பக்கத்தில் ஸ்த்ரெஷ்னிக்கில் கிடந்தது உடல். வயது 69.

"இந்த ஆளு கொன்னவரா, கொல்லப்பட்டவரா?" என்றார் சார்.

"கொல்லப்பட்டவர்தான் சார்."

"அப்போ படிக்கிறவன் முதல்ல அதைத் தெரிஞ்சுக்கட்டும். மத்ததுக்கு இடமில்லை."

சரி என்றேன். சொன்னதில் பொய் இல்லை, கொல்லப்பட்டவர்தான். ஆனால் அவர் கேட்டது ஒன்று, நான் பதில் சொல்லியிருக்க வேண்டியது வேறொன்று என்று வீட்டுக்குப் போகும் வழியில்தான் தோன்றியது.

இடமில்லை என்பதும் முழு உண்மையல்ல. ஒட்டோமான் பேரரசின் வரலாற்றை ஜெர்மன் மொழியில் ஐந்து தொகுதிகளாக எழுதினார் என்பதற்கு ஒரு வரி. வாலெனியில் 1908-ல் தொடங்கிய கோடைக்காலப் பள்ளிக்கு ஒன்றரை வரி. 1931-32-ல் பிரதமராக இருந்ததற்கு இரண்டு வரி. அந்த ஆட்சியில் அவர் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. இவற்றில் கைவைத்திருந்தாலே இடம் கிடைத்திருக்கும். வைக்கவில்லை. அந்த ஐந்து தொகுதிகள்மேல் எனக்கு ஒரு மயக்கம், அவ்வளவுதான்.

அப்புறம் மனதுக்குள் வேறொரு சமாதானம். மனிதர் பின்னால் மாறிவிட்டாரே! கூசாவைவிட்டுப் பிரிந்தார், இரும்புக் காவல் படையை எதிர்த்தார். 1938-ல் கொத்ரேயானு அவரை உள்ளத்தில் நேர்மையற்றவர் என்று கடிதத்தில் திட்ட, அமைச்சராக இருந்த யோர்கா புகார் கொடுத்தார். கொத்ரேயானுவுக்கு ஆறு மாதச் சிறை. அது முடிவதற்குள் வேறு வழக்கில் பத்து ஆண்டு. அந்த நவம்பரிலேயே காவலில் வைத்துக் கொத்ரேயானுவைக் கொன்றுவிட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து அவருடைய ஆட்கள் பழிதீர்த்தார்கள். இதெல்லாம் என் பதிவில் இருந்தது. படித்தால் தொடக்கத்திலிருந்தே எதிர்ப்பக்கம் நின்றவர் என்றுதான் யாருக்கும் படும்.

மாறினார் என்ற அந்த நம்பிக்கையும் ரொம்ப நாள் நிற்கவில்லை. 1937-லும் யூதர்களுக்கு எதிராகக் காட்டமாக எழுதியிருக்கிறார். அச்சுக்குப் போன பிறகுதான் கண்ணில் பட்டது. முன்பே பட்டிருந்தால் சாரிடம் வாதாடியிருப்பேனா? இருப்பேன் என்றுதான் சொல்ல ஆசை. 1910-ஐக் கையில் வைத்துக்கொண்டே வாதாடாதவன் நான்.

சாரைக் குறை சொல்ல முடியவில்லை. ஒரு நாளைக்குப் பதினைந்து பதிவு பார்ப்பவர். ருமேனியாவைப் படித்தவன் நான்.

போன மாதம் மறுபதிப்புக்குத் திருத்தம் கேட்டுப் படிவம் வந்தது. என் பதிவில் ஒரு பிழை இருந்தது: ஸ்த்ரெஷ்னிக்கில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. அதை எழுதினேன். கீழே 'பிற திருத்தங்கள்' என்று நான்கு வரி காலியாக இருந்தது. மதியம்வரை மேசைமேல் வைத்திருந்துவிட்டு அப்படியே அனுப்பிவிட்டேன்.