சாளை வராத வருஷங்கள்

கேரளக் கடலில் 2012-ல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் சாளை (மத்தி) பிடிபட்டது. 2021-ல் 3,500 டன்கூட இல்லை. மறுபடி படிச்சுப் பாருங்க, எழுத்துப்பிழை இல்ல.

தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது மேல்தண்ணி கரையை விட்டு விலகும். அந்த இடத்துக்கு அடியில இருந்து குளிர்ந்த, சத்துள்ள தண்ணி ஏறி வரும். அதுல நுண்பாசி பெருகும். அதைத் தின்னுதான் சாளைக்கு அந்த நெய், அதாவது உடம்புக் கொழுப்பு, பிடிக்குது. காற்று பிசகினாலோ, எல் நினோ (சில வருஷம் பசிபிக் கடல் வழக்கத்தை விடச் சூடாகுறது) வந்து நம்ம கடலும் சூடானாலோ தீனி குறையும், கூட்டமும் கலையும். 2015 எல் நினோவை ஆராய்ச்சியாளர்கள் அடிக்கடி சொல்றது இதனாலதான். அதுக்காக எல்லாப் பழியையும் கடல் மேல போட முடியாது. குஞ்சு மீனை அள்ளி மீன்தூள் ஆலைக்கு அனுப்பினது யாரு?

வேடிக்கை என்னன்னா, 2024-ல் நல்ல மழை. சாளை ஏகத்துக்கும் முட்டை போட்டு, குஞ்சு குவிஞ்சுது. ஆனா அத்தனைக்கும் தீனி பத்தல, வளரவே இல்ல. வலை நிறைய மீன், விலை தரைமட்டம்.

எங்க வீட்டுல அம்மா மட்டும் இன்னும் மீன்காரக்காகிட்ட சண்டை போடுறாங்க: "நெய்யே இல்லியே மக்கா, இதைப் போய் சாளைன்னு விக்கிறியே!"