பசு முத்திரை தேடி: ஒரு வெள்ளி நாணய நாட்குறிப்பு

மார்ச் 8, 2025, சனி

பசு முத்திரை உள்ள பழைய பிரெஞ்சு வெள்ளி நாணயம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பாரீஸ் விவியென் தெருவில் வழக்கமாகப் போகும் நாணயக் கடையில் இன்று பிரெஞ்சு அரசர் பதினாறாம் லூயியின் ‘எக்யூ’ என்ற பெரிய வெள்ளி நாணயம் ஒன்று கண்ணில் பட்டது. வருடம் 1784. ஆலை எழுத்து ‘எல்’, அதாவது தென்மேற்கில் பயோன் நாணயச்சாலையில் அடித்தது. மூன்று லில்லிப் பூக்கள் உள்ள கேடயத்தின் மேல் வரிவரியாகக் கோடுகள். அதனாலேயே விலையைக் குறைத்து வைத்திருந்தார்கள். எனக்கோ அந்தக் கோடுகள்தான் பிடித்தன.

அவை கீறல் அல்ல, அரத்தால் ராவிய தடம். 10 மார் எடை வெள்ளியில் 83 எக்யூ அடிக்க வேண்டும் என்பது அன்றைய கணக்கு. ஒரு மார் 244.75 கிராம். ஆக ஒரு நாணயம் 29.488 கிராம். அச்சடிக்கும் முன் ஒவ்வொரு வில்லையையும் தராசில் வைப்பார்கள். கூடுதலாக இருந்தால் ராவிவிடுவார்கள். பிறகு திருகு அச்சின் அழுத்தத்தில் பெரும்பாலான கோடுகள் அமுங்கி மறையும். அச்சில் மிக ஆழமான இடத்துக்கு உலோகம் முழுதாக ஏறாவிட்டால், நாணயத்தில் மேடான அந்த இடத்தில் கோடு தங்கிவிடும். கீறல் அப்படியல்ல, மேடு பள்ளம் பார்க்காமல் எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு ஓடும்.

அந்தத் தொழிலாளியின் கை பட்ட இடம் ராஜாவின் முகத்தைவிட எனக்குப் பெரிது. வாங்கிவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

தராசில் 29.3 கிராம். நீரில் தொங்கவிட்டதில் 2.84 குறைந்தது. எடையை அதால் வகுத்தால் அடர்த்தி 10.3 வருகிறது. ஆயிரத்துக்கு 917 பங்கு வெள்ளிக்கு இது சரி.

அப்புறம் விளிம்பு. ‘ஆண்டவரே, அரசரைக் காத்தருளும்’ என்ற லத்தீன் வாசகம் சுற்றிலும் ஓடுகிறது. ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடுவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. இரண்டு எஃகுச் சட்டங்களுக்கு நடுவே வில்லையை உருட்டி எழுத்தைப் பதித்த பிறகே முகத்தை அடிப்பார்கள். ஆகவே வாசகம் எந்த இடத்தில் தொடங்கும் என்று நாணயத்துக்கு நாணயம் மாறும். புதிதாகச் சேகரிப்பவர்கள் படத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், விளிம்பைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

மார்ச் 15, சனி

சந்தையில் பளபளவென்று ஒரு எக்யூ. யாரோ பொடி போட்டுத் துலக்கியிருக்கிறார்கள். பழைய கருமையெல்லாம் போய்விட்டது. மனது கேட்கவில்லை, வைத்துவிட்டு வந்தேன். தயவுசெய்து யாரும் துலக்காதீர்கள்.

மார்ச் 22, சனி

எக்யூவில் எங்குமே மதிப்பு எழுதியிருக்காது. அது எத்தனை லிவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணக் கணக்கு) என்பது அரசாணையைப் பொறுத்தது. இதைப் புரிந்துகொண்டால்தான் இந்த நாணயங்களின் கதை பிடிபடும். பதினான்காம் லூயி போர்ச் செலவுக்காக 1701லும் 1704லும் மக்களிடமிருந்து பழைய நாணயத்தை வாங்கி, உருக்காமல் அதன் மேலேயே புது அச்சைக் குத்தி, கூடுதல் மதிப்புக்கு வெளியே விட்டார். அந்த நாணயங்களைச் சாய்த்துப் பிடித்தால் அடியில் பழைய எழுத்து தெரியும். 1720இல், பிரான்ஸின் நிதியைக் கவனித்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் லாவின் காகிதப் பண ஏற்பாடும் சரிந்தது. 1726இல்தான் எக்யூ 6 லிவ்ர் என்று நிலைத்தது. புரட்சிக் காலம் வரை அந்த எடையும் மதிப்பும் மாறவில்லை. அவ்வளவு காலம் ஒரு அரசு சொன்ன சொல் மாறாமல் நின்றதே, எனக்கு அதில் உண்மையான மரியாதை உண்டு.

ஏப்ரல் 5, சனி

சேன் நதிக்கரையில், கோந்தித் துறையில் உள்ள பாரீஸ் நாணயச்சாலைக்குப் போனேன். கட்டடம் 1775இல் முடிந்தது. பதினாறாம் லூயியின் எக்யூக்களுக்கு முகம் செதுக்கிய பெஞ்சமின் துவிவியேயின் காலம் அது.

அங்கே நிற்கும்போது புதுச்சேரி நினைவு வந்தது. பிரெஞ்சுக் கம்பெனி புதுச்சேரியில் அடித்த ‘பணம்’ என்ற சின்ன வெள்ளி நாணயத்தில் ஒருபக்கம் கிரீடம், மறுபக்கம் அதே லில்லிப் பூக்கள். 1736இல் ஆற்காட்டு நவாபிடம் அனுமதி வாங்கி அடித்த ரூபாயிலோ லூயியின் பெயரே கிடையாது, முகலாயப் பேரரசரின் பெயர் பாரசீக எழுத்தில் இருக்கும். புதுச்சேரி ரூபாய் என்பதற்கு அடையாளம் ஒரு பிறை. அதற்கான வெள்ளியும் பெரும்பாலும் ஸ்பானிய நாணயங்களாகக் கப்பலில் வந்ததுதான். எக்யூக்களோடு அந்தப் பணத்தில் ஒன்றையாவது சேர்க்க வேண்டும்.

ஏப்ரல் 12, சனி

கிடைத்துவிட்டது! 1726, தென்மேற்குப் பிரான்ஸில் ‘போ’ என்ற ஊரின் நாணயச்சாலையில் அடித்த எக்யூ. ஆலை எழுத்துக்குப் பதில் குட்டியாக ஒரு பசு. அந்த ஊர் இருக்கும் பெயார்ன் நாட்டுச் சின்னத்தில் உள்ள பசுக்களிலிருந்து வந்தது. அரசரின் பட்டங்களோடு பெயார்னின் பிரபு என்பதற்கான இரண்டு எழுத்துகளும் சேர்ந்திருக்கின்றன. அந்தக் காலத்தில் வேறு எந்த ஆலையின் நாணயத்திலும் அவை வராது.

எடை 28.9. நன்றாகத் தேய்ந்திருக்கிறது. அதே காசுக்குத் தேயாத பாரீஸ் எக்யூ ஒன்றும் இருந்தது, கடைக்காரர் அதைத்தான் எடுக்கச் சொன்னார். ஆனால் எக்யூ 6 லிவ்ர் என்று நிலைத்த அதே வருடத்து நாணயம் இது. 1810 ஆணைப்படி பழைய எக்யூவுக்குப் புதிய பணத்தில் 5 பிராங்க் 80 சாந்தீம்தான் என்றானதும் எத்தனையோ உருக்கும் உலைக்குப் போயின. அதற்குத் தப்பி, கைகளில் புழங்கித் தேய்ந்த இதைத்தான் எடுத்தேன். அடுத்தது, முடிந்தால், பதினாறாம் லூயியின் போ நாணயம்.